இரண்டு கால்களும் சமம்

இரத்த உறைவுத் தடுப்புச் சட்டம் அவையில் நிறைவேறியபோது உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று அன்று காலையில்தான் யாரோ அவர்களுக்கு விளக்கியிருந்தார்கள். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார்கள் என்று கேள்வி.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல சட்டம். மருத்துவமனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கெண்டைக்கால்களையும் நாடாவால் அளக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். உறைவு பெருகாமல் தடுக்கும் ஊசி மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இவ்வளவையும் எழுதியவர் விஷயம் தெரிந்தவர். அடுத்த பிரிவில் பேனா வேறு யார் கைக்கோ போய்விட்டது. ஓராண்டு முழுக்க ஓர் உறைவுகூடக் காணப்படாத மருத்துவமனைக்கு ‘உறைவில்லா மருத்துவமனை’ என்ற பட்டமும், வெண்கலக் கேடயமும், வாசலில் பெரிய பலகையும் உண்டு என்று அந்தப் பிரிவு சொன்னது. கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வும் உண்டு.

சட்டம் வருமுன் நம் கதையில் வரும் மருத்துவமனையில் மாதம் நான்கைந்து பேருக்காவது உறைவு கண்டுபிடிப்பார்கள். சட்டம் வந்த பிறகு ஒருவருக்கும் இல்லை. ஒரு நோய் சட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் கட்டுப்படும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பெருமையில் பெரும்பங்கு உறைவு அலுவலருக்குச் சேரும். அது சட்டம் உண்டாக்கிய புதுப் பதவி. அதற்கு வந்தவர் அதுவரை எடை அளவைத் துறையில் இருந்தார். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. சட்டத்தில் அளத்தல் என்ற சொல் வந்ததால் மேலிடத்தில் அவரைப் பொருத்தமானவர் என்று நினைத்துவிட்டார்கள். யோக்கியமான மனிதர், யாரிடமும் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நின்றால் வியாபாரி நல்லவன் என்று இத்தனை ஆண்டு நம்பியவர், இரண்டு காலும் ஒரே அளவில் இருந்தால் ஆள் சுகம் என்று நம்புவதற்கு அதிகம் சிரமப்படவில்லை. பழைய முத்திரையையும் ஊதா மையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அளந்து முடித்ததும் முழங்காலுக்குக் கீழே ‘சமம்’ என்று குத்துவார். அந்த மை லேசில் போகாது.

அந்த ஓராண்டு நிறைவடைந்து, அமைச்சர் வந்து பட்டம் கொடுக்கவிருந்த நாள் அது. வாசல் முகப்பின் மேல் பலகை ஏறிவிட்டது. ‘இது உறைவில்லா மருத்துவமனை. இங்கு இரத்த உறைவு இல்லை’ என்று வெள்ளையில் நீல எழுத்து. மேலே துணி போர்த்தி, கயிறு கட்டியிருந்தார்கள். எழுதியவர் இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகை போட்டிருந்த ஓவியர். எல்லாரும் அவரைப் போர்டுக்காரர் என்பார்கள். யார் எதை எழுதச் சொன்னாலும் எழுதுவார். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது.

அன்று காலை அவர் கயிற்றைச் சரிபார்க்கக் கிளம்பும்போது மனைவி கட்டிலில் உட்கார்ந்து இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கடையில் வேலை செய்பவர். மேல் அலமாரிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, விழுந்து, கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தது போன வாரம்தான். இப்போது கெண்டைக்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது.

“வலிக்குதா?”

“கால் வலிக்குது. அது பரவால்லங்க. மூச்சு வாங்குது. உட்கார்ந்திருக்கறப்பவே படி ஏறுன மாதிரி இருக்கு.”

“எப்படியும் நான் அங்கதானே போறேன். வா, காட்டிட்டு வந்துடலாம். போர்டு எழுதுன ஆளு, நம்மளக் காக்க வைக்க மாட்டாங்க.”

அவர் அப்படித்தான் நினைத்தார்.

அளவைக் கூடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. உட்கார்ந்தவர் அளந்து முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. நடந்தால் காலின் அளவு மாறிவிடும், தராசை ஆட்டிக்கொண்டே எடை பார்க்க முடியாது என்பது உறைவு அலுவலரின் வாதம். அதனால் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான சோதனைக்காக, வந்தவர்கள் காலைத் தொங்கவிட்டு அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரிக்காரர். வண்டியை விட்டு இறங்காமல் மூன்று நாள் ஓட்டிவிட்டு வந்திருந்தார். கால்சட்டையைச் சுருட்டி வைத்திருந்தார். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கியிருந்தன.

“உங்களுக்கு ஒன்னுதாம்மா,” என்றார் போர்டுக்காரரின் மனைவியிடம். “எனக்குப் பாருங்க, ரெண்டும். நான் எதையும் அரைகுறையா செய்யறதில்ல.”

போர்டுக்காரரின் மனைவி மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். “வீட்டுல யாரும் கூட வரலையாண்ணே?”

“சொன்னா அவ பயந்துடுவா. மருந்து வாங்கிட்டுப் போய் சொல்லிக்கலாம்.”

லாரிக்காரரின் முறை வந்தது. அலுவலர் நாடாவைச் சுற்றினார். முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது. மறுபடி சுற்றினார். அதேதான். அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. இவ்வளவு துல்லியமான சமத்தை அவர் தராசுகளில்கூடப் பார்த்ததில்லை.

“சார், இங்க நெஞ்சுலயும் பிடிக்குது. இழுத்து மூச்சு விட்டா குத்துது.”

“நெஞ்சு என் பிரிவு இல்ல,” என்று சொல்லி அலுவலர் முழங்காலுக்குக் கீழே முத்திரையைக் குத்தினார். “நீங்க சரியா இருக்கீங்க. வீட்டுக்குப் போகலாம்.”

லாரிக்காரர் ஊதா எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். “வாழ்க்கைல முதல் தடவையா ஒரு ஆபீசர் என்னைச் சரின்னு சொல்லியிருக்கார்,” என்று போர்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

அடுத்தது போர்டுக்காரரின் மனைவி. வலது கால் முப்பத்து மூன்று. இடது கால் முப்பத்தெட்டு. அலுவலர் நாடாவைத் திருப்பிப் பார்த்தார். வேறு நாடா கொண்டுவரச் சொன்னார். புது நாடாவுக்கும் அதே அபிப்பிராயம்தான் இருந்தது.

“நீங்க ஏன் இன்னைக்கு வந்தீங்க?” என்று கேட்டார்.

“இன்னைக்குத்தான் சார் வீங்குச்சு,” என்றார் போர்டுக்காரர்.

டியூட்டி டாக்டரை அழைத்தார்கள். சின்ன வயதுப் பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காலைத் தொட்டார், நாடி பார்த்தார், விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினார். திரும்பும்போது அவர் முகம் மாறியிருந்தது.

“இவங்களுக்கு உடனே ஊசி போடணும் சார். ஆக்சிஜன் வேணும். அப்புறம் ஸ்கேன். இது வந்து...”

“அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க,” என்றார் அலுவலர். “கட்டடத்துக்குள்ள ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்னா அது கண்டுபிடிப்பு. பிரிவு எட்டு.”

“சரி சார். சொல்லல. அது கால்ல இருந்து கிளம்பி மேல போயிருக்கு. இன்னும் பெருசா ஒன்னு போச்சுன்னா அவங்க பிழைக்க மாட்டாங்க. ஊசிப் பெட்டியைத் திறங்க.”

பெட்டியைத் திறக்க முடியாது. ஓராண்டாக அந்தக் குளிர்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். ஓர் ஊசிகூட வெளியே போகவில்லை என்பதற்கு உடையாத அந்த முத்திரைதான் சாட்சி. மாலை சுற்றி, அது ஏற்கனவே மேடைக்குப் போய்விட்டது.

போர்டுக்காரருக்குப் பாதி புரிந்தது. மனைவி பிழைக்க மாட்டார் என்பது முழுதாகப் புரிந்தது. மனைவியின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

“வேற ஆஸ்பத்திரிக்குப் போறோம் சார். விடுங்க.”

“கேட் மூடியாச்சு. அமைச்சர் வர்ற வரைக்கும் ஒரு வண்டி போக முடியாது, வர முடியாது. போனாலும் என்ன செய்வீங்க? அவங்களும் போட்டியில இருக்காங்க.”

செய்தி கேட்டுக் கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் குரல் அவர் தொண்டையை விட்டு இன்னும் இறங்கவில்லை.

“சகோதரி, உங்க வேதனையை இந்த நிறுவனம் தன் வேதனையா உணருது. ஒரு வருஷமா ராப்பகலா உழைச்சு இந்த நோயை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கோம். எத்தனையோ பேர் வீங்குன காலோட வந்தாங்க. ஒருத்தரையும் நாங்க நோயாளி ஆக்கல. இன்னும் ரெண்டு மணி நேரம்தான். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நீங்க ஒத்துழைக்கணும்.”

“ஒத்துழைக்கறதுன்னா?” என்று மனைவி கேட்டார்.

“கொஞ்சம் நல்லா இருக்கணும்.”

“என் புருஷன் எழுதுன போர்டுதானே சார் வெளிய இருக்கு,” என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேட வேண்டியிருந்தது. “எழுத்து அழகா இருக்குன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பி நீங்க என்னைச் சாகடிச்சிடாதீங்க.”

போர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆக்சிஜன் எந்தப் பிரிவிலும் வராததால் அதை யாரும் தடுக்கவில்லை. இதற்கிடையே உறைவு அலுவலர் யோசித்துக்கொண்டிருந்தார். தராசில் ஒரு தட்டு இறங்கினால் என்ன செய்வோம்? மேலே நிற்கிற தட்டின் அடியில் ஒரு ஈயத் துண்டைக் கட்டுவோம். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இது அவர் கை படிந்த வேலை.

“பஞ்சு கொண்டா, பேண்டேஜ் கொண்டா,” என்றார்.

வலது காலில் பஞ்சை வைத்துச் சுற்றினார். அளந்தார். முப்பத்தாறு. இன்னும் ஒரு சுற்று. முப்பத்தேழரை. பல்லால் துணியைக் கிழித்து, கடைசிச் சுற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முப்பத்தெட்டு.

“நல்லா இருக்கற காலுக்குக் கட்டுப் போடறீங்களே சார்,” என்றார் போர்டுக்காரர்.

“வித்தியாசம்தானே நோய்? வித்தியாசம் போயிடுச்சு.”

“வீக்கம் அப்படியே இருக்கே.”

“வீக்கத்தைப் பத்தி சட்டத்துல ஒன்னும் இல்லைங்க. வித்தியாசத்தைப் பத்தித்தான் இருக்கு.” அலுவலர் முத்திரையை எடுத்தார். கட்டின் மேல் குத்தினால் தெரியாது என்று வீங்கிய காலில் குத்தினார். சமம்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் அவரைப் பார்த்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் உருளையை விட்டு நகரவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் ஒரு பெண் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தபடியே செத்திருப்பார். அவரைக் காப்பாற்றியது மருத்துவம் அல்ல, நிகழ்ச்சி நிரல். மேடையில் அமைச்சர் தம் கையால் ஒரு நோயாளியை அளப்பதாக ஏற்பாடு. அதற்கு யாரை நிறுத்துவது என்று தேடியபோது, மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் இரண்டு காலுக்கும் அரை, கால் சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. எல்லா மனிதக் காலுக்கும் இருக்கும். ஒரு நூல்கூட வேறுபடாமல் சமமாக இருந்தவை போர்டுக்காரரின் மனைவியின் கால்கள் மட்டுமே. இருக்காதா, அவை கணக்குப் பார்த்துச் செய்தவை.

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடைக்குத் தள்ளினார்கள். ஆக்சிஜன் உருளைக்கு ஜிகினாத்தாள் சுற்றினார்கள். டாக்டர் பின்னாலேயே போனார். மேடை மருத்துவமனை முற்றத்தில், வாசல் முகப்புக்கு எதிரே. ஊசிப் பெட்டி நாற்காலியில் இருந்தவர் கைக்கு எட்டும் தூரத்தில், மாலையோடு ஒரு மேசை மேல் இருந்தது.

“நீங்க மேல போங்க,” என்று போர்டுக்காரரை விரட்டினார்கள். “அமைச்சர் கை அசைச்சதும் கயிறை இழுக்கணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. நேரடி ஒளிபரப்பு.”

அவர் ஏணி வைத்து முகப்பின் தளத்தில் ஏறி, துணி போர்த்திய பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து மனைவியின் உச்சந்தலை தெரிந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்குவதும் தெரிந்தது.

அமைச்சர் வந்தார். கண்காணிப்பாளர் பேசினார்.

“இரத்த உறைவு ஓசையில்லாமல் வரும் எதிரி. அறிகுறி தெரிந்த உடனே, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் தேவையே படவில்லை. ஏனென்றால் நாங்கள் அறிகுறிகளையே அனுமதிக்கவில்லை. இதோ இந்தப் பெட்டி. விலை உயர்ந்த மருந்து. ஒரு துளிகூட எந்த நோயாளிக்கும் வீணாக்கவில்லை என்பதைத் தாழ்மையோடு தெரிவிக்கிறேன்.”

கைதட்டல். அமைச்சர் பேசினார். சட்டத்தைக் கொண்டுவந்தபோது நடந்ததைச் சொன்னார்.

“ஒரு நண்பர் சொன்னார், ‘இந்தச் சட்டத்தால் உறைவு அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும், எண்ணிக்கை ஏறும், உங்கள் பெயர் கெடும்.’ நான் பயந்தேன். ஆனால் நம் அதிகாரிகள் என்னைக் கைவிடவில்லை. எண்ணிக்கை ஏறவே இல்லை. நோயை ஒழிப்பது சுலபம், நண்பர்களே. அதைத் தேடுகிற பழக்கத்தை ஒழிப்பதுதான் கஷ்டம்.”

மறுபடி கைதட்டல். அமைச்சர் வெள்ளி நாடாவை வாங்கிக் குனிந்து அளந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போர்டுக்காரரின் மனைவி அமைச்சரின் சட்டைக் கையைப் பிடித்தார்.

“கட்டை... அவிழ்த்துட்டு... அளங்கய்யா.”

“இந்தம்மா என்ன சொல்றாங்க?” என்று அமைச்சர் கேட்டார்.

“நன்றி சொல்றாங்க,” என்றார் கண்காணிப்பாளர்.

மேலே நின்றவருக்கு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மனைவியின் கை அமைச்சர் சட்டையிலிருந்து நழுவி விழுந்ததைப் பார்த்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. டாக்டர் ஓடி வந்து அதைத் தாங்கினார். அதே நேரம் அமைச்சர் பலகையைப் பார்த்துக் கை அசைத்தார்.

போர்டுக்காரர் கயிற்றை இழுக்கவில்லை. குனிந்து ஏணியை இழுத்து மேலே போட்டுக்கொண்டார்.

“அந்தப் பெட்டியைத் திறங்க,” என்று கத்தினார். “என் பெண்டாட்டிக்கு ஊசி போடுங்க. போட்டாதான் துணி விலகும்.”

முற்றம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. கேமராக்களும்தான்.

“இறங்கி வாங்க, பேசிக்கலாம்,” என்றார் கண்காணிப்பாளர், சிரித்த முகத்தை மாற்றாமல்.

“பேச நேரமில்ல சார். அவளுக்கு மூச்சில்ல.”

அப்போது டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். தன் வேலை அந்த நொடியோடு போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். குரல் உடைந்துதான் வந்தது.

“இவங்களுக்கு இரத்த உறைவு இருக்கு. நுரையீரலுக்குப் போயிருக்கு. மருந்து அந்தப் பெட்டியில இருக்கு. இப்ப தரலேன்னா நம்ம எல்லார் முன்னாடியும் இறந்துடுவாங்க.”

மேடையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் உயிரைவிட அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. கண்காணிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஓராண்டு உழைப்பு.

உறைவு அலுவலர் மட்டும் பதறவில்லை. அவர் மேடையிலிருந்து இறங்கி, வாசல் சுவரிலிருந்து மேடை வரை நாடாவைப் போட்டு அளந்தார். நிதானமாகத் திரும்பி வந்தார்.

“பதினோரு அடி சார்.”

“என்ன பதினோரு அடி?”

“கட்டடத்துக்கும் மேடைக்கும். மருத்துவமனைன்னா கட்டடம்னுதான் சட்டத்துல இருக்கு. டாக்டர் சொன்னது மேடையில. இது முற்றம். இங்க கண்டுபிடிச்சா நம்ம கணக்குல வராது. பெட்டியும் இப்ப வெளியதான் இருக்கு. திறந்தா நம்ம இருப்புல குறையாது.”

கண்காணிப்பாளர் முகத்தில் இரத்தம் திரும்பியது. அமைச்சருக்கு அதைவிட வேகமாக ஓடியது மூளை.

“அப்ப இந்தம்மா முதல் பயனாளி,” என்றார். “முத்திரையை நானே வெட்டறேன். கத்தரிக்கோல் எங்க?”

கத்தரிக்கோல் வந்தது. அமைச்சர் அரக்குக் கயிற்றில் அதை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். படமெடுப்பவர்கள் கொஞ்சம் இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள். திரும்பினார். கண்காணிப்பாளர் சட்டகத்துக்குள் வர நகர்ந்தார். இன்னொரு தடவை என்றார்கள். நாற்காலியில் இருந்தவரின் உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் ஊசிக்குழலின் உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, அமைச்சரின் புன்னகை முடியக் காத்து நின்றார். மேலே நின்றவர் அழுதார். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதார்.

கயிறு அறுந்தது. கைதட்டினார்கள். ஊசி உள்ளே போனது.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. மருந்து தன் வேகத்தில்தான் வேலை செய்யும். நெடுநேரம் கழித்து மனைவி கண்ணைத் திறந்து, அண்ணாந்து, முகப்பின் மேல் நின்ற கணவரைத் தேடினார். கை அசைத்தார். போர்டுக்காரர் அப்போதுதான் கயிற்றை இழுத்தார். இங்கு இரத்த உறைவு இல்லை என்று அழகான நீல எழுத்து வெயிலில் மின்னியது. அதற்கு நேர் எதிரே, பதினோரு அடி தள்ளி, அவர் மனைவி அது உள்ள காலோடு கிடந்தார்.

அவரை உள்ளே எடுத்துப்போக முடியாது. உறைவு கட்டடத்துக்குள் நுழைந்துவிடும். அதனால் கட்டில் வெளியே வந்தது. மேடைப் பந்தலையே நீட்டிக் கட்டினார்கள். ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஸ்கேன் இயந்திரத்தைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரைத் தண்டனையாகப் பந்தலுக்கு மாற்றினார்கள். அவர் அதற்காக வருத்தப்படவில்லை. வீங்கிய காலோடு வருகிறவர்கள் ஒவ்வொருவராக அங்கே வர ஆரம்பித்தார்கள். மழை பெய்தால் கட்டில்களை நடுவில் நெருக்கிப் போடுவார்கள். கட்டடத்துக்குள் ஓர் உறைவும் இல்லை. மற்ற மருத்துவமனைகளிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பந்தலின் நீள அகலத்தைக் கேட்டுப் போனார்கள். சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது. கட்டடம் என்பது பந்தலைக் குறிக்காது.

போர்டுக்காரரின் மனைவி நடந்து வீட்டுக்குப் போனார். இது எனக்கு மகிழ்ச்சி தருகிற செய்தி, சொல்லிவிடுகிறேன்.

சில நாள் கழித்துத் தகரக் கொட்டகைக்கு ஒரு பெண் வந்தார். லாரி நிறுத்தத்தில் கணவர் பெயரில் ஒரு பலகை மாட்ட வேண்டும், கூட ஓட்டியவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்றார்.

“என்ன ஆச்சும்மா?”

“ஆஸ்பத்திரிக்குப் போனாராம். என்கிட்ட சொல்லவே இல்ல. ரெண்டு காலும் சமமா இருக்கு, போகலாம்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே காலைக் காட்டினார். ஒரு ஆபீசர் என்னைச் சரின்னு சொல்லிட்டார்னு சொன்னார். தண்ணி கேட்டார். கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டார்.”

உள்ளே உட்கார்ந்திருந்த போர்டுக்காரரின் மனைவி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போர்டுக்காரர், “லாரி நிறுத்தத்துக்கு ஒன்னு எழுதறேன்மா,” என்றார். “இன்னொன்னும் எழுதறேன். அது நானா எழுதறது.”

வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் அவர் எழுதிய முதல் பலகை அதுதான். மருத்துவமனைப் பலகையின் அதே அளவு, அதே வெள்ளை, அதே நீலம். லாரிக்காரரின் பெயரை எழுதி, அதன் கீழே ‘இந்த மருத்துவமனையில் அளக்கப்பட்டு, இரண்டு கால்களும் சமம் என்று அனுப்பப்பட்டவர். அன்றே இறந்தார்’ என்று எழுதினார். மறுநாள் காலை ஏணி வைத்து, முகப்பில் பெரிய பலகைக்குக் கீழே மாட்டினார். ஏணியை அந்தப் பெண் பிடித்துக்கொண்டார்.

உறைவு அலுவலர் வந்தார். அண்ணாந்து நிதானமாகப் படித்தார். சண்டைக்குத் தயாராகப் போர்டுக்காரர் இறங்கி வந்து நின்றார்.

“இதுல தப்பான தகவல் ஒன்னும் இல்ல,” என்றார் அலுவலர். “நான்தான் அளந்தேன். ஆனா பட்டப் பலகையைவிடப் பெருசா எதுவும் வாசல்ல இருக்கக் கூடாது. அதைப் பார்க்கணும்.”

அவரே ஏணியில் ஏறினார். மேல் பலகையை அளந்தார், கீழ்ப் பலகையை அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அவர் முகத்தில் அந்தப் பழைய நிறைவு வந்தது. பையிலிருந்து முத்திரையை எடுத்து, புதிய பலகையின் ஓரத்தில் ஊதா மையில் குத்திவிட்டு இறங்கி உள்ளே போனார்.

லாரிக்காரரின் மனைவி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதே மை,” என்றார். “அவரைக் குளிப்பாட்டறப்ப எவ்வளவோ தேய்ச்சுப் பார்த்தேன். போகவே இல்ல.”